தலைமடையில் ஆள் மாறியது: ‘முறைத்தண்ணீர்’ கைபேசிக்குப் போகும் வழியில் திருச்சியில் மூன்று நாள்

‘முறைத்தண்ணீர்’ பலகை விளையாட்டின் கைபேசிச் செயலி, மூன்றாவது சோதனைப் பதிப்பாக, கடந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சோதனையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் அதன் நிரலை எழுதிய ரிஸ்வானா. அவர் சொன்னதோடு விடாமல் என் கைபேசியிலும் இறக்கிப் பார்த்தேன். வேலை செய்கிறது. முதல் இரண்டு பதிப்புகள் ஏன் தோற்றன என்பதற்கான காரணம், சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் திருச்சியை அடுத்த கைலாசபுரத்தில் என் கண்ணெதிரே வெளிவந்தது. இந்தப் பதிவு அந்தப் பயணத்தைப் பற்றியது.

பலகை விளையாட்டு என்றால் தாயமும் பரமபதமும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஓடும் விளையாட்டுகள் இருக்கின்றன. பகடை அதிகம் கிடையாது. யோசிக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கணிக்க வேண்டும். இவற்றைக் கைபேசிக்குக் கொண்டுபோவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. அப்படிக் கொண்டுபோகும்போது எது கூட வருகிறது, எது மேசையிலேயே தங்கிவிடுகிறது என்று எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி. திருச்சியில் மூன்று பேர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆவணி பிறந்த பிறகு வெயில் சற்றுக் குறையும் என்று நம்பிக் கிளம்பினேன். குறையவில்லை.

எழும்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை பிற்பகல் ரயில். சுமார் 340 கி.மீ., ஐந்தரை மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூற்றைம்பது ரூபாய்க்குச் சற்று மேல். ஜங்ஷனில் இறங்கி, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை முழுசாகத் தெரியும் என்று வரவேற்பில் சொன்னார்கள். பாதி தெரிந்தது. மீதியை ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரப் பலகை மறைத்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, பெரியகடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரிஸ்வானாவைச் சந்தித்தேன். அவருடைய தந்தை ஹமீது பாயின் கைலி மொத்த வியாபாரக் கடை அங்கே இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஆறடிக்கு எட்டடி அறை ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து ரிஸ்வானாவின் அலுவலகம் அதுதான். சுற்றிலும் கைலிக் கட்டுகள். புதுத் துணியின் கஞ்சி வாசனை.

“வாங்கம்மா, உட்காருங்க” என்றார் ஹமீது பாய். டீ வருவதற்குள் தன் கருத்தைச் சொல்லிவிட்டார். “மூணு மணி நேரம் போனைப் பார்த்துக்கிட்டே வயலுக்குத் தண்ணி பாய்ச்சணுமாம். யாரும்மா பாய்ச்சுவா?”

“அத்தா, அவங்க முதல்ல டீ குடிக்கட்டும்.”

“நான் என்ன சொல்லிட்டேன்? ஒரு கஸ்டமரா கேக்கறேன்.”

ரிஸ்வானா என்னிடம் திரும்பினார். “இவரு இன்னும் டவுன்லோடே பண்ணலைங்க. கேட்டா, முடிச்சிட்டு சொல்லு, நல்லாருந்தா பாக்கறேங்கறாரு. கைலிய மட்டும் பிரிச்சுக் காட்டித்தான் விப்பாரு.”

சிறிது நேரத்தில் ஹமீது பாய் பார்சல் ஆபீசுக்குக் கிளம்பினார். எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர் வந்து அவருடைய இடத்தில் உட்கார்ந்து, வந்த ஆளுக்கு இரண்டு கைலி விற்றார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்போது நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஒரு வாய்க்கால். அதன் மேல் நான்கு இடங்கள்: தலைமடை, இரண்டாம் மடை, மூன்றாம் மடை, கடைமடை. ஒவ்வொரு சுற்றிலும் பையிலிருந்து நீலக் கோலிகளை அள்ளித் தலைமடைக்காரர் முன் வைப்பார்கள். அதுதான் தண்ணீர். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுவார். அவருக்குக் கீழே இருப்பவரும் அப்படியே. கடைமடைக்கு எதுவும் வராமலே போகலாம். ஆனால் வாய்க்காலைத் தூர் வார ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பகுதி கடைமடைக்காரரிடம் மரக்குச்சிகளாக இருக்கிறார்கள். அவர் ஆள் அனுப்பாவிட்டால் மண் சேர்ந்து, தலைமடைக்கும் தண்ணீர் சுருங்கும். மொத்தம் பன்னிரண்டு சுற்று. அதிகம் விளைவித்தவர் ஜெயிப்பார். சுற்றுக்குச் சுற்று யாரும் யாரிடமும் என்ன பேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

இதை உருவாக்கியவர் ஞானசேகரன். கைலாசபுரத்தில் உள்ள பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஐம்பது வயதை நெருங்குகிறார். லால்குடிப் பக்கத்துக் குடும்பம். ஏழெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பில் நண்பர்களோடு விளையாடி விளையாடிச் சரிசெய்த விதிகள். கையால் செய்த பலகைகளை வாங்கிப் போனவர்கள் வெளியூரிலும் இருக்கிறார்கள்.

“எல்லா ரூலையும் அப்படியேதான் எழுதினேன்” என்றார் ரிஸ்வானா. “ஒண்ணைக்கூட மாத்தலை. ஆனா ஆப்ல ஆடினா அஞ்சாவது ஆறாவது சுத்துல சண்டை வந்துடுது. தலைமடைக்காரர் தண்ணியை நிறுத்துவாரு. கடைமடைக்காரர் ஆளை நிறுத்துவாரு. அப்புறம் ரெண்டு பேருமே இறங்கி வர மாட்டாங்க. ஒருத்தர் வெறுத்துப்போய் எழுந்து போயிடுவாரு.”

போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“போறவருக்குப் பாயிண்ட் குறையும். அவர் இடத்துல கம்ப்யூட்டர் ஆடும். அவர் அதுவரைக்கும் எப்படி ஆடினாரோ அதே மாதிரியே ஆடும்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “அதை எழுதத்தான் ரொம்ப நாள் ஆச்சு.”

இரண்டாவது பதிப்பில், முகம் பார்த்துப் பேசாததுதான் குறை என்று நினைத்து, குரலில் பேசும் வசதி சேர்த்திருக்கிறார். சண்டை இன்னும் சீக்கிரமாக வந்தது. கைலாசபுரத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்ப் படம் பிடித்திருக்கிறார். அங்கே ஒருவரும் கோபித்துக்கொண்டு எழவில்லை.

செயலியை வெளியிட ஒப்புக்கொண்டிருப்பது பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனம். இன்னும் ஒரே ஒரு சோதனைச் சுற்று. அதிலும் ஆட்டங்கள் பாதியில் நின்றால், நாற்பது நிமிடத்தில் முடியும் சுருக்கப் பதிப்பைத்தான் வெளியிடுவார்கள். அதில் தண்ணீரைக் கணினியே நான்காகப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். பேரம் கிடையாது. தூர் வாருதல் கிடையாது. நிறுவனத்தின் தயாரிப்பு மேலாளரிடம் நானே பேசி இதை உறுதிசெய்துகொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் கைலாசபுரம் போவதாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஊர் திரும்ப அன்று பிற்பகல் ரயிலில்தான் இடம் கிடைத்ததால், ஒரு நாள் முன்கூட்டி வரலாமா என்று ரிஸ்வானாவை விட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரில் ஞானசேகரனின் குரல் கேட்டது. “இன்னைக்கா? தாராளமா வாங்க. ஆனா இன்னைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கண்டுக்காதீங்க.”

சத்திரத்திலிருந்து துவாக்குடி போகும் நகரப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறத்தாழ பதினைந்து கி.மீ. தூரத்துக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. பால்பண்ணைச் சந்திப்பின் நெரிசலைத் தாண்டவே கால்வாசி நேரம் போனது. குடியிருப்பின் வாயிலிலிருந்து ஆட்டோ, அறுபது ரூபாய். உள்ளே நுழைந்ததும் வெயிலின் நிறம் மாறுகிறது. அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் கிளை கோத்த மரங்கள், எண் போட்ட வீடுகள். ஆட்டோ ஓட்டுநர் வீட்டு எண்ணைக் கேட்காமல், “விளையாடுற வீடுதானே?” என்று கேட்டு நேரே கொண்டுபோய் இறக்கினார்.

கார் நிறுத்தத் தகரக் கூரை போட்ட இடத்தில் மேசை. காரை வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மணி பன்னிரண்டரை இருக்கும். ஐந்தாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. தலைமடையில் முருகேசன், வெல்டிங் பிரிவு. இரண்டாம் மடையில் ஞானசேகரன். மூன்றாம் மடையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் கீதா. கடைமடையில் கிரேன் ஓட்டும் லூர்து. எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

“முருகேசு, உன் வயல்ல என்ன நெல்லா, தாமரையா? இவ்வளவு தண்ணி கட்டி வச்சிருக்க” என்றார் லூர்து.

“போன சுத்துல தூர் வார நாலு ஆள் கேட்டேன். ஒரு ஆளை அனுப்பிட்டு அவனுக்கும் காய்ச்சல்னு சொன்ன. இப்பத் தாமரைன்னு சொல்லு, அல்லின்னு சொல்லு. ஒரு கோலி இறங்காது.”

“இறங்கலேன்னா போ. உன் வாய்க்கால்ல நீயே இறங்கி மண்ணு அள்ளு.”

“சண்டை போடுங்க, நல்லா போடுங்க” என்றார் கீதா. “எனக்கு நடுவுல ஜம்முனு விளையுது.”

ரிஸ்வானா என் பக்கம் சாய்ந்து, “இதேதாங்க ஆப்லயும் நடக்குது” என்றார் மெதுவாக. “ஆனா இவங்க இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.”

ஒன்றரை மணிக்குத் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. முருகேசன் கையில் இருந்த கோலிகளைத் தன் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தார். “போயிட்டு வரேன்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு மணி ஷிஃப்ட். மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஞானசேகரன் வீட்டு எலுமிச்சைச் சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும். எங்களுக்கும் இலை போட்டார்கள்.

இரண்டேகாலுக்குக் காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர் சிவக்குமார். கை கழுவிவிட்டு நேராகத் தலைமடை நாற்காலியில் உட்கார்ந்தார். “என்ன நிலைமை?”

“ஆறாவது சுத்து ஆரம்பம்” என்றார் ஞானசேகரன். “உன்கிட்ட பதினோரு கோலி. வாய்க்கால்ல மண்ணு ரெண்டு கட்டம்.”

“இந்த முருகேசன் என்ன பண்ணான் தெரியுமா?” என்று தொடங்கினார் லூர்து.

“அண்ணே” என்றார் கீதா. “பலகையில இருக்கறதை மட்டும் சொல்லணும்.”

லூர்து வாயை மூடிக்கொண்டார். சிவக்குமார் பலகையை ஒரு நிமிடம் பார்த்தார். ஐந்து கோலிகளை எடுத்து வாய்க்காலில் விட்டார். “லூர்தண்ணே, மூணு ஆள் அனுப்புங்க.”

“நாலாவே எடுத்துக்க” என்றார் லூர்து.

ரிஸ்வானா அப்போதுதான் ஒரு வாய்ச் சோற்றை எடுத்திருந்தார். இலையிலேயே வைத்துவிட்டார். “ஏன் விட்டீங்க?” என்று சிவக்குமாரிடம் கேட்டார்.

“எதை?”

“தண்ணிய. போன சுத்துல தலைமடை அடைச்சு வச்சிருந்துச்சு.”

“அப்படியா?” சிவக்குமார் திரும்பிப் பலகையைப் பார்த்தார். “எனக்கு வாய்க்கால் அடைச்சிருக்கு. அவர்கிட்ட ஆள் இருக்கு. நான் எதுக்குங்க அவரைப் பகைச்சுக்கணும்? அண்ணன் போட்ட சண்டை அண்ணனோட ஷிஃப்ட்டுக்குப் போயிருச்சு.”

ரிஸ்வானா ஞானசேகரனிடம் கேட்டார்: “சார், ரூல் புக்ல இது எங்க இருக்கு?”

“எது?”

“நடுவுல ஆள் மாறுறது.”

ஞானசேகரனுக்குக் கேள்வியே புரியவில்லை. “ஷிஃப்ட்டுக்குப் போறது ரூலாம்மா? சங்கு ஊதினா போய்த்தானே ஆகணும். வந்தவங்க உட்காருவாங்க. முதல் நாள்லேருந்து அப்படித்தான்.”

“நான் வந்த மூணு ஞாயித்துக்கிழமையும் யாருமே எழுந்திரிக்கலையே.”

“நீங்க படம் பிடிக்கறீங்களேன்னு வீக்லி ஆஃப் இருக்கறவங்களாப் பார்த்துக் கூப்பிட்டேன்மா. நடுவுல ஆளுங்க எழுந்து போறதும் வர்றதுமா இருந்தா உங்களுக்கு இடைஞ்சல்தானே? பாக்கறதுக்கும் நல்லாருக்காது.”

“சரி, அன்னைக்கு ஏன் சண்டை வரல?”

பதில் கீதாவிடமிருந்து வந்தது. “விருந்தாளி கேமராவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது சண்டை போடுவாங்களா? அன்னைக்கு இந்த லூர்தண்ணன் என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டாரு.”

சிரிப்பு அடங்கியதும் ரிஸ்வானா சொன்னதை அப்படியே தருகிறேன். “என் புரோகிராம்ல சீட்டும் ஆளும் ஒண்ணுதான் சார். முருகேசன்னா தலைமடை, தலைமடைன்னா முருகேசன். அவர் எழுந்திரிச்சா அவருக்கு அபராதம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் வந்து அவர் கோபத்தை அப்படியே தொடரும். நீங்க எதை எழுந்து போகும்போது கழட்டி வச்சுட்டுப் போறீங்களோ, அதைத்தான் நான் பத்திரமாப் பிடிச்சு வச்சிருக்கேன்.”

“அப்ப இத்தனை வருஷமா நம்ம கேமை ஷிஃப்ட்தான் காப்பாத்திட்டு இருந்துச்சா?” என்றார் ஞானசேகரன். அதில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு, “நான் ஏதோ பேலன்ஸ் பண்ணிட்டேன்னு நினைச்சேன்” என்றார்.

மூன்று மணிக்கு லூர்து மகளை டியூஷனிலிருந்து அழைத்து வரக் கிளம்பினார். நாற்காலியை என் பக்கம் திருப்பி, “உட்காருங்க மேடம். ஆறு ஆள் இருக்கு. ரெண்டு வயல் காஞ்சு கிடக்கு” என்றார். அவ்வளவுதான். யார் நம்பகமானவர், யார் ஏமாற்றுவார் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைமடையில் உட்கார்ந்து பார்த்தால் மேலே இருக்கும் மூன்று பேரும் வேறு மாதிரித் தெரிகிறார்கள். கீதாவிடம் இரண்டு முறை ஏமாந்தேன். ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்தது.

“தலைமடை ஜெயிச்சது” என்று ஞானசேகரன் அறிவித்தார். ஆள் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை, இடத்தின் பெயர்தான். முருகேசனுக்குக் குறுஞ்செய்தி போனது. தேநீர் இடைவேளையில் பதில் வந்தது: ‘அஸ்திவாரம் நான் போட்டது.’

மறுநாள் ஞாயிறு காலை ரிஸ்வானாவோடு ஸ்ரீரங்கம். சத்திரத்திலிருந்து நான்கைந்து கி.மீ.தான். காவிரிப் பாலத்தில் கூட்டம் இல்லாவிட்டால் இருபது நிமிடம். ஆற்றில் ஒரு கரையோரமாக மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வீதியில் மூன்றாவது கூட்டாளி பத்ரியின் வீடு. செயலிக்குள் வாய்க்கால், வயல், கோலி என்று எல்லாப் படங்களையும் வரைகிறவர் அவர். மாடி அறையில் வேலை. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேல் ராஜகோபுரத்தின் உச்சி தெரிகிறது.

“வாங்கோ. பெருமாள் சேவிச்சாச்சா?” என்றார். இல்லை, வரிசை பெரிதாக இருந்தது என்றேன். “பத்து மணிக்கு மேல இன்னும் பெரிசாகும். முதல்லே காபி சாப்பிடுங்கோ. இவ என்னத்தையோ சொல்லி என் ராத்தூக்கத்தைக் கெடுத்துட்டா.”

ரிஸ்வானா முதல் நாள் மாலையே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பத்ரிக்கு மூன்று ஆட்சேபங்கள் இருந்தன. முதலாவது, ஆள் மாறினால் ஜெயித்தது யார்? ஒரே ஒருவர் தலையில் வைக்க அவர் ஏற்கெனவே ஒரு பரிவட்டம் வரைந்து முடித்திருக்கிறார். ரிஸ்வானா கைலாசபுரத்து வழக்கத்தைச் சொன்னதும், “அப்போ பரிவட்டத்தை வயலுக்குக் கட்டணுமா?” என்று கேட்டு, சிறிது யோசித்து, “கட்டலாம்” என்றார். இரண்டாவது, வந்து உட்காருகிறவர் எங்கிருந்து வருவார்? இதற்கு, ஆட்டத்தில் இல்லாதவர்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு வரைவது என்று முடிவாயிற்று.

மூன்றாவதுதான் கடினமாக இருந்தது. யார் யாருக்கு எந்தச் சுற்றில் என்ன வாக்குக் கொடுத்தார், எதை மீறினார் என்று முழு வரலாற்றையும் திரையின் ஓரத்தில் ஓலைச்சுவடிபோல விரித்துக் காட்டும் ஒரு பகுதியை அவர் செய்திருந்தார். எனக்கும் திறந்து காட்டினார். மிக அழகாக இருந்தது.

“புதுசா வர்றவருக்கு இது தெரியக்கூடாது பத்ரி.”

“எல்லாத்தையும் காட்டறதுதானே ஆப்போட சௌகர்யம்? மேஜையில யாரு ஞாபகம் வச்சுக்கறா?”

“அதான். ஞாபகம் வச்சுக்காததாலதான் அங்க ஆட்டம் முடியுது.”

பத்ரி அந்தச் சுவடியை ஒருமுறை மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்தார். “மூணு மாசம் பண்ணினேன்” என்றார். பிறகு, “சரி, எடுத்துடு. ஃபைலை அழிச்சுடாதே” என்றார்.

அங்கிருந்தபடியே ரிஸ்வானா பெங்களூர் மேலாளரை அழைத்தார். சிக்கல் எங்கே என்பது அப்போது எனக்கு விளங்கியது. அந்த நிறுவனம் ஒரு செயலியை எடைபோடுவதே, எத்தனை பேர் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான். இவர்களோ எழுந்து போவதற்கென்றே ஒரு பொத்தான் வைக்கப்போகிறார்கள். அவர்கள் கணக்கில் மூன்றாவது பதிப்பு முதல் இரண்டையும்விட மோசமாகத் தெரியும். “போன ஆளை எண்ணாதீங்க சார், முடிஞ்ச ஆட்டத்தை எண்ணுங்க” என்று ரிஸ்வானா கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஞானசேகரனை ஜங்ஷனில் பார்த்தேன். கைலாசபுரத்திலிருந்து வழியனுப்ப வந்திருந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கையில் வாழைப்பழச் சீப்பு. நாற்பது நிமிடப் பதிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “என் பேரை எடுத்துடச் சொல்லுவேன்” என்றார். “தண்ணியை மிஷினே பங்கு வச்சிட்டா, அப்புறம் நாலு பேரு எதுக்குங்க உட்காரணும்?”

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெளியூர்ப் பேருந்துகள் பலவும் இப்போது பஞ்சப்பூர் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. சத்திரத்துக்கு அங்கிருந்து நகரப் பேருந்து மாற வேண்டும். ரயிலில் வந்தால் இந்த அலைச்சல் இல்லை. மலைக்கோட்டைக் கடைவீதிகளைப் பத்தரைக்குள் நடந்து முடித்துவிடுங்கள், அதன் பிறகு சந்துகளில் தோளை இடிக்காமல் நகர முடியாது. ஸ்ரீரங்கத்தில் ஞாயிறு காலை தரிசனம் என்றால் ஏழு மணிக்கே வரிசையில் இருப்பது நல்லது. நான் இல்லை. விளையாட்டின் நிலத்தை நேரில் பார்க்க ஆசையிருந்தால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு, நகரிலிருந்து மேற்கே பதினெட்டு கி.மீ.; அரை நாள் போதும். கைலாசபுரத்துக்கு யாரையாவது தெரிந்துகொண்டு போங்கள், ஒருவரைத் தெரிந்தால் போதும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போங்கள். விருந்தாளியாக மட்டும் போகாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு அடிக்கடி யோசிக்கிறேன். விதிப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் கைபேசிக்குப் போய்விட்டது. பழக்கத்தில் இருந்தது போகவில்லை. ஏனென்றால் அது பழக்கம் என்றே யாருக்கும் தெரியாது. அதைக் கொஞ்சம் அவமானமாக நினைத்து, விருந்தாளி வரும்போது ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில், மற்ற விளையாட்டுகளில், இப்படி என்னென்ன மேசையிலேயே தங்கியிருக்கும் என்று தெரியவில்லை.

இனி நிலுவையில் இருப்பவை. நிறுவனம் எதை எண்ணப்போகிறது என்று இன்னும் சொல்லவில்லை. நேற்று மேலாளரிடம் மீண்டும் பேசினேன். சோதனை முடிந்ததும், ஐப்பசி பிறப்பதற்குள், முழு ஆட்டமா நாற்பது நிமிடமா என்று முடிவு தெரியும் என்றார். ஹமீது பாய் செயலியை இறக்கிவிட்டார் என்று ரிஸ்வானா சொல்கிறார். எந்த ஆட்டத்தில் இருக்கிறார் என்று சொல்ல மறுக்கிறாராம்.

நான் புதிய பதிப்பின் பெஞ்சில் காத்திருந்தேன். அதில் ஒவ்வொருவரும் மறுநாள் மாலை ஆறு மணிக்குள் பதில் சொன்னால் போதும். இன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஒரு செய்தி வந்தது: ‘தலைமடை காலியாக இருக்கிறது. உட்காருகிறீர்களா?’ உட்கார்ந்தேன். ஏழாவது சுற்று. என்னிடம் ஒன்பது கோலிகள். வாய்க்காலில் மண் மூன்று கட்டம். கடைமடையின் வயல்கள் எல்லாம் காய்ந்திருக்கின்றன. அவரிடம் எட்டு ஆட்கள் சும்மா இருக்கிறார்கள். எனக்கு முன் இங்கே யார் இருந்தார், கீழே இருப்பவர் யார், யார் முதலில் அடைத்தது என்பதெல்லாம் திரையில் இல்லை. நான்கு கோலிகளைக் கீழே விட்டுவிட்டு, நாலு ஆள் கேட்டிருக்கிறேன்.

கடைமடை இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்கு நாளை மாலை ஆறு மணி வரை நேரம் இருக்கிறது.